அடியில் ஒரு கீறல்

அந்த லிங்கம் ஸ்படிகம் இல்லை என்பது, மங்கலம் மாமி அதை வாங்குவதற்கு ஒன்பது நாள் முன்பே எனக்குத் தெரியும்.

ஜெய்ப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியில் மொத்தம் பன்னிரண்டு லிங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு விரல் உயரம். பிரித்துத் துடைத்து, சீட்டு ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைப்பது என் வேலை. பதினொன்றையும் கையில் எடுக்கும்போது உள்ளங்கை ஜில்லென்றது. பன்னிரண்டாவதில் அந்தக் குளிர்ச்சி குறைவு. மற்றவற்றுக்குள்ளே நூலிழை போலவோ, மூச்சுக்காற்று படிந்தது போலவோ ஏதாவது இருந்தது. இதில் ஒன்றுமே இல்லை. தண்ணீரை எடுத்து நிற்க வைத்த மாதிரி இருந்தது.

பெட்டிக்குள் திணித்திருந்த இந்திப் பத்திரிகைத் தாளின் மேல் அதை வைத்து, மேலிருந்து பார்த்தேன். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. லிங்கத்தை மெல்லத் திருப்பினால் ஒரு எழுத்து அதே இடத்தில் நின்றது, இன்னொன்று அதைச் சுற்றி வந்தது. மற்ற லிங்கங்களை அதே வரியின் மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்து ஒன்றாகவே இருந்தது. அப்படி இரட்டையாகக் காட்டுவது கால்சைட், ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். பார்வைக்கு ஸ்படிகத்தின் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும், உள்ளே வேறு சாதி.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. பார்சல் பிரிக்கும் கத்தி மேசை மேலேயே கிடந்தது. ஸ்படிகத்தில் கத்தி வழுக்கும், கால்சைட்டில் இறங்கும். லிங்கத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடியின் ஓரத்தில் கத்தி முனையை வைத்து இழுத்தேன். இறங்கியது. ஒரு அரிசி நீளத்துக்கு வெள்ளைக் கோடு. விரலால் துடைத்தேன். தூள் போனது, கோடு போகவில்லை.

அப்புறம்தான் பயம் வந்தது.

சாலைக் கடைத்தெருவில் அழகியநம்பி அண்ணாச்சியின் கல் கடையில் நான் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடையின் முன்பாதி ராசிக்கல், மோதிரம், ஸ்படிக மாலை. பின்பாதியில் நீளமான ஒரு அலமாரி, சேகரிப்புக்காக வாங்குகிறவர்களுக்கு. செவ்வந்திக்கல் கொத்து, தங்கம் என்று நினைத்து எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பைரைட், புனே பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் பச்சை அபோஃபிலைட், பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு வாங்கும் பன்னிரண்டு கல் பெட்டி. வித்துராப் பக்கத்து ஆற்றிலிருந்து கூழாங்கல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, வைடூரியமா என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் வெறும் குவார்ட்ஸாக இருக்கும். அண்ணாச்சி அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை. எனக்கு அவர் விதித்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று.

"கல்லு மேல மட்டும் கத்தி வைக்கப்பிடாது பிள்ளே. விக்கிற சரக்கு. பாக்கதுக்கு லென்ஸ் இருக்கு, லைட் இருக்கு. கீறின கல்லை எவன் வாங்குவான்?"

இதை அவர் சொன்னது நான் ஒரு ஃபுளோரைட் கல்லைக் கீறிய அன்றைக்கு. இரண்டாவது முறை என்றால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேறு எங்கே போவேன்? பத்தாம் வகுப்பை நான் பாதியில் விட்டது பாடம் வராததனால் இல்லை. ஆசிரியர் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார். மலையாள எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். வாய்தான் திறக்காது. பிள்ளைகள் சிரிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். கல் கடையில் யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. கல்லும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

எனவே அந்த லிங்கத்தை அலமாரியில் கடைசி வரிசையில், மற்றவற்றுக்குப் பின்னால் வைத்தேன். சமயம் பார்த்து அண்ணாச்சியிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் என் நோட்டை எடுத்து எழுதினேன். 'பன்னிரண்டில் ஒன்று கால்சைட். எழுத்து இரண்டாகத் தெரிகிறது. கத்தி இறங்கியது.' எழுதி முடித்ததும் யாரிடமோ சொல்லிவிட்டது போல மனசு லேசாகிவிட்டது. என்னைக் கெடுத்தது அதுதான். நோட்டில் எழுதியதை நான் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மாமி வந்தது விஷு கழிந்த வாரம்.

கரமனையில் அக்ரகாரத்தில் இருக்கிற மாமி. எங்கள் லைன் வீட்டில் அடுத்த அறையில் இருக்கும் சரோஜம் அக்கா அங்கே மூன்று வீட்டில் வேலை பார்த்தாள். மாமி வீடுதான் முதல் வீடு, பதினோரு வருடமாக. ஸ்படிக லிங்கம் வேண்டும் என்று மாமி சொன்னபோது, 'எங்க ஜெபமலர் நிக்கிற கடைக்குப் போங்க மாமி, அவ கல்லைப் பாத்தா ஜாதகமே சொல்லிருவா' என்று அனுப்பி வைத்தது அக்காதான்.

"சரோஜம் சொன்னாளாக்கும், இங்கே ஒரு குட்டிக்குக் கல்லெல்லாம் நன்னாத் தெரியும்னு. நீதானா அது?" என்றாள் மாமி.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"இவதான் மாமி," என்றார் அண்ணாச்சி. "வாயைத் தொறக்க மாட்டா. கண்ணு மட்டும் உண்டும்."

மாமி முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னது, உள்ளே பூசணம் பிடிச்சாப்லே இருக்கே."

"பூசணம் இல்ல மாமி. பூமிக்குள்ள வளந்த கல்லுலா, கொஞ்சம் மேகம் மாதிரி இருக்கத்தான் செய்யும். ஒண்ணுமே இல்லாம இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

"அப்போ பின்னாலே ஒளிஞ்சுண்டு நிக்கறதே, அது?"

அண்ணாச்சி கையை நீட்டி அதை எடுத்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. "ஏ பிள்ளே, இப்படி ஒரு பீஸ் வந்திருக்கா? இதைப் போய் எதுக்குப் பின்னால தள்ளி வச்சே?"

மாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நீ சொல்லு குட்டி. நல்லதுதானே? என் பொண்ணு ஸ்ரீலட்சுமிக்காக்கும். ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. இது மூணாவது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அபிஷேகம் பண்றதா வேண்டிண்டிருக்கேன். நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லு, அது போதும்."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சொன்னால், எப்படித் தெரியும் என்று அண்ணாச்சி கேட்பார். தலைகீழாகத் திருப்புவார். அந்தக் கோடு தெரியும்.

நான் தலையை ஆட்டினேன்.

மாமி கண்ணில் நீர் கட்டியது. லிங்கத்தைச் சிவப்புத் துணியில் சுற்றி, பைக்குள் வைக்காமல், மார்போடு அணைத்தபடி படியிறங்கிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு சரோஜம் அக்கா அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"கேட்டியா மக்களே, நீ எடுத்துக் கொடுத்த லிங்கம் சாதாரணம் இல்ல. பாலு விடும்போ ஒண்ணும் இல்ல. எலுமிச்சம் சாறு விட்டாங்கன்னு வையி, மேல முத்து முத்தாட்டு பொடிசா வருகுதாம். மாமி என்னைக் கூப்பிட்டு, வாசல்ல நின்னு பாருடின்னாங்க. எட்டி நின்னு பாத்தேன். உள்ளதுதான். சாமி மூச்சு விடுகுதுன்னு மாமி அழுதுட்டாங்க."

எனக்குக் குடத்தின் கழுத்தை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கால்சைட்டின் மேல் புளிப்பு பட்டால் பொங்கும். அந்த முத்து முத்தாக வருவது கல் கரைகிற காற்று. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் அதன் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படும். ஸ்படிகத்தின் மேல் எலுமிச்சைத் தோட்டத்தையே பிழிந்தாலும் ஒன்றும் ஆகாது.

"என்ன, பேச மாட்டேங்கே?"

"நல்லதுதான் அக்கா," என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவள் விரலில் சிவப்புக் கல் வைத்த ஒரு மோதிரம் உண்டு. செத்துப் போன அவள் புருஷன் கல்யாணத்தில் போட்டது. வாரம் ஒருமுறையாவது அதை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் கேட்பாள். "இது கெம்புதானே?"

"ஆமாக்கா. நல்ல கல்லு."

அது கண்ணாடி. கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே லென்ஸில் பார்த்துவிட்டேன். உள்ளே உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி இருந்தது. மாணிக்கத்துக்குள் அப்படி இருக்காது.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா காலை ஒன்பது மணிக்கே வீட்டில் இருந்தாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் சுவர் வழியாக அவள் என் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். லைன் வீட்டுச் சுவர் கூரை வரை போகாது.

"நிறுத்திட்டாங்க. லிங்கம் பூத்துப் போச்சாம். வயசானவங்க கண்ணு மாதிரி வெள்ளையாட்டு கெடக்கு, நானும் பாத்தேன். நான் வீட்டுக்குத் தூரமா இருக்கும்போ பூஜை அறைக்குள்ள போயிட்டேனாம். அதான் சாமி முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். தெருவுல நின்னு சொல்லுகாங்க."

"நீ போனியாடி?" என்று அம்மா கேட்டாள்.

"பதினொண்ணு வருஷத்துல ஒரு நாளு அந்தப் படியை மிதிச்சதில்ல. அதுவும் இல்லாம, எனக்கு அதெல்லாம் நின்னு மூணு வருஷம் ஆச்சு."

"அதைச் சொல்லப்பிடாதா?"

"மாமா ஈஸிசேர்ல இருக்காரு. எதிர் வீட்டுக்காரரு வாசல்ல நிக்காரு. எப்படிச் சொல்லுவேன்? வாயே வரல."

அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "எதிர் வீட்டுலயும் கடைசி வீட்டுலயும் நாளையில இருந்து வேண்டாம்னுட்டாங்க."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்த்து, "மக்களே, சாப்பிட்டுட்டியா?" என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

அடுத்த திங்கள்கிழமையிலிருந்து அக்கா விழிஞ்ஞத்தில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அவள் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டோம். திரும்பி வந்து குழாயடியில் உட்கார்ந்து காலை நீவிவிடுவாள். ஓணத்துக்கு மூன்று வீட்டிலும் கிடைக்கும் புதுச்சேலை அந்த வருடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசவில்லை. லிங்கத்தைப் பற்றித்தான் பேசினாள். "நெஜமாவே நான் ஏதாவது செய்திருப்பேனோன்னு தோணுகு. ஒரு நாளு மாவு அரைச்ச கையோட அந்தக் கதவைத் தொட்டேன். அதுவா இருக்குமோ?"

இதைக் கேட்ட பிறகும் நான் பதினாறு நாள் பேசாமல் இருந்தேன். எண்ணி வைத்திருக்கிறேன். நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். எழுதிய எதையும் அக்கா வாசிக்கப் போவதில்லை, மாமியும் வாசிக்கப் போவதில்லை. பதினாறாவது நாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் மேல் அருவருப்பு வந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் உடைந்த கற்கள் போடும் தட்டிலிருந்து ஒரு கால்சைட் துண்டையும் ஒரு ஸ்படிகத் துண்டையும் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஞாயிறன்று மாமி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். பஸ்ஸில், மாமியிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்தேன். அவள் வீட்டு வாசல் கோலத்துக்கு முன்னால் நின்றபோது ஒரு வரியும் மிச்சமில்லை.

மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாரு? கல் கடைக் குட்டியா? என்ன விஷயம்?"

வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றேன்.

"என்னடி, ஆரும் அனுப்பினாளா? சரோஜம் அனுப்பிச்சாளா?"

தலையை இல்லை என்று ஆட்டினேன். பிறகு மிகவும் சின்னக் குரலில், "ஒரு பிளேட் தர முடியுமா மாமி?" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து, என் கையில் தராமல், படியில் வைத்தாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து இரண்டு கல்லையும் தட்டில் வைத்தேன். பழத்தைக் கடித்துத் துளைத்து, கண்ணாடி போல் இருந்த இரண்டின் மேலும் பிழிந்தேன். ஸ்படிகத்தில் சாறு வெறுமனே வழிந்தது. கால்சைட்டில் சின்னச் சின்னதாகக் குமிழி கிளம்பி ஓரமெல்லாம் பொங்கியது.

மாமி குனிந்தாள். "இது... இதேதான். இப்படித்தான் வரும்."

"அது சாமி மூச்சு இல்ல மாமி. கல்லு கரையுது."

"எந்தா?"

"இது ஸ்படிகம்." ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினேன். "இது வேற. கால்சைட். பாத்தா ஒரே மாதிரி இருக்கும். புளிப்பு ஆகாது. உங்க கிட்ட இருக்கது இது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது வாழையிலைத் துண்டின் மேல் அந்த லிங்கம் இருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது சுண்ணாம்பு பூசின மாதிரி, உச்சியில் சின்னச் சின்னக் குழியோடு இருந்தது. ஐந்து மாதத்தில், ஒரு கல்லுக்கு இவ்வளவு வயதாகிவிட்டது.

"உனக்கு எப்போ தெரியும் இது?"

சொல்ல முடியாதபோது காட்ட முடியும் என்று நினைத்தேன். "அடியைப் பாருங்க மாமி."

திருப்பினாள். அடிப்பக்கத்தில் சாறு அவ்வளவாகப் படவில்லை போலிருக்கிறது. அந்தக் கோடு அப்படியே இருந்தது.

"இது ஆரு கீறினது?"

"நான். நீங்க வாங்குறதுக்கு முன்னாலயே. என்ன கல்லுன்னு பாக்க."

"அப்போ அன்னிக்கு உன்னைக் கேட்டேனே. என் பொண்ணைப் பத்திச் சொல்லிக் கேட்டேனே."

"ஆமா மாமி."

"தலையை ஆட்டினியே."

"ஆமா."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லிங்கத்தை இலையோடு மேல்படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்கே சொல்வது போல, "கல்லு வேறேயா இருந்தா இருக்கட்டும். நான் வச்ச மனசு வேறேயாகுமோ?" என்றாள். கொஞ்சம் கழித்து குரல் மாறியது. "இருந்தாலும் சரோஜம் செஞ்சது செஞ்சதுதான். தீட்டோட உள்ளே வந்தா என்ன கல்லானாலும்..."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

"அக்கா வரல மாமி. வந்திருந்தாலும் கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. இதைக் கடையில ஒன்பது நாள் நான்தான் துடைச்சேன். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. அந்த ஒன்பது நாள்ல நாலு நாளு எனக்குத் தூரம். ஈரத் துணியால துடைச்சு, கையிலயே வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நீங்க வாங்கினப்போ எப்படி இருந்துது? பூத்திருந்துதா?"

தட்டில் இன்னும் நுரை அடங்கவில்லை. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு அது நின்னு மூணு வருஷம் ஆச்சு," என்றேன். "மாமா இருந்தாரு, அதான் சொல்லல."

"போ," என்றாள் மாமி. சத்தமாக இல்லை. "நீ போ குட்டி இப்போ."

திங்கள்கிழமை நான் கடைக்குப் போவதற்கு முன்பே மாமி வந்து போயிருந்தாள். மேசை மேல் சிவப்புத் துணி விரித்திருந்தது. அதன் மேல் லிங்கம் தலைகீழாக நின்றது. அண்ணாச்சி கண்ணாடி போட்டிருந்தார்.

"மேகம் இருக்கதுல ஒண்ணை எடுத்துட்டுப் போனாங்க," என்றார். "அதுதான் நல்லதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. நானே அப்புறம் இதை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட சோம்பேறித்தனம்." கோட்டை விரலால் தடவினார். "ஏ பிள்ளே, கத்தி வச்சதைச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்? ஏசியிருப்பேன். ஒரு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

நான் துணியின் நுனியை மடித்தேன்.

"வேலையை விட்டு அனுப்புவேன்னு நெனைச்சியா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"கல்லைப் பத்தி இவ்வளவு தெரியுது," என்றார். மீதியைச் சொல்லவில்லை. லிங்கத்தைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்தார். "உடைஞ்ச தட்டுல போடு. எவனுக்கும் கொடுக்க வேண்டாம்."

நான் அதைத் தட்டில் போடவில்லை. மேசை டிராயருக்குள் பின்பக்கமாக வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரமே மாமி தெருவில் சொன்னதைத் தெருவிலேயே திருப்பிச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். எதிர் வீட்டு வாசலுக்கும் கடைசி வீட்டு வாசலுக்கும் தானே போய், 'தப்பு என்னோடதாக்கும், சரோஜத்து மேலே ஒண்ணும் இல்லே' என்று சொன்னாளாம். பிறகு ஒரு நாள் மாலை ஆட்டோவில் எங்கள் லைன் வீட்டுக்கே வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்கா அவளுக்கு ஸ்டூல் போட்டாள். மாமி உட்கார்ந்தாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

"வந்துடு சரோஜம். நீ இல்லாம ஆத்திலே ஒண்ணும் ஓடலே."

"அந்த ரெண்டு வீட்டுக்கும் வாறேன் மாமி," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "உங்க வீட்டுக்கு ஆளு வச்சுக்கிடுங்க."

"அதான் கல்லு காரணம்னு தெரிஞ்சு போச்சே."

"கல்லு காரணம்னு தெரியாம இருந்தா? நான்தான் காரணம்னே இருந்திருக்கும் இல்லியா. பதினொண்ணு வருஷம் மாமி."

மாமி எழுந்து போனபின்னும் அக்கா அந்த ஸ்டூலை உள்ளே எடுத்து வைக்கவில்லை. நான் வெளியே வந்தேன். எல்லாவற்றையும் மாமி அவளிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது என்று தெரிந்தது. நான் போய்ப் பேசியதைத்தான் மாமி சொல்லியிருந்தாள். நான் முதலிலேயே அறிந்திருந்ததைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, என்னிடமே விட்டுவிட்டாளா, தெரியவில்லை.

"நீ போய்ப் பேசினியாமே," என்றாள் அக்கா. என் தலையைத் தடவ வந்தாள். "வாயே இல்லாத பிள்ள, எனக்காகப் போய்..."

நான் விலகினேன். "அக்கா, எனக்கு முன்னாலயே தெரியும்."

"எதுக்கு முன்னால?"

"மாமி வாங்குறதுக்கு முன்னால. நீங்க முத்து முத்தாட்டு வருகுதுன்னு சொன்னீங்கல்லா, அன்னைக்கும் தெரியும். உங்களை நிறுத்தின அன்னைக்கும் தெரியும். பஸ்ஸுல போனீங்களே, அத்தனை நாளும் தெரியும்."

அவள் கை காற்றில் நின்றது. பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஈரமாக இல்லாவிட்டாலும். ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழாயில் யாரோ குடத்தை வைத்து, தண்ணீர் நிறைந்து, வழிந்து, எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கையை நீட்டினாள், எப்போதும் போல. சிவப்புக் கல் மோதிரம்.

"இதைச் சொல்லு."

நான் குனிந்தேன். லென்ஸ் தேவையில்லை. ஆனாலும் பையிலிருந்து எடுத்து, அவள் விரலைப் பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தேன். உருண்டைக் குமிழி அதே இடத்தில் இருந்தது.

"கண்ணாடி அக்கா."

"எனக்குத் தெரியும்," என்றாள். "கல்யாணம் ஆன வருஷமே தெரியும். அவரு எங்க போயி கெம்பு வாங்க?"

"பின்னே எதுக்கு என்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நீ நல்ல கல்லுன்னு சொல்லுவேல்லா. கேக்க நல்லா இருக்கும்." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "இனி கேக்க மாட்டேன்."

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். சுவருக்கு மேலே அந்த வெளிச்சம் எங்கள் பக்கமும் விழுந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, 'மக்களே, சாப்பிட்டுட்டியா' என்று ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன். அக்கா பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போதும் எதிரெதிரே பார்த்துக்கொள்கிறோம். அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். மோதிரத்தைக் கழற்றிவிடவில்லை. கையைத்தான் என் பக்கம் நீட்டுவதில்லை.